வாசனை: இல்லை

“என் மூக்கை ஏமாத்திட்டு ஒருத்தன் இந்த ஜன்னல்ல சாவி வாங்கிட்டுப் போனான்னு மட்டும் தெரிஞ்சா, அன்னிக்கே இதை அறுத்து அதோ அந்த ஆணியில மாட்டிடுறேன். வண்டி நம்பர் எழுதி மாட்டிக்குங்க!”

வரலாற்றுச் சிறப்புமிக்க இந்த உரை நிகழ்ந்த இடம் ஒரு பேருந்துப் பணிமனை. நிகழ்த்தியவர் அங்கே டிரைவர்களுக்குச் சாவி கொடுக்கும் டைம்கீப்பர். சந்தர்ப்பம், மூச்சில் மது இருக்கிறதா என்று சொல்லும் கருவி ஒன்றின் திறப்பு விழா. மேலாளர் ரிப்பன் வெட்டி, “இனி இங்கே அறிவியலின் ஆட்சி” என்று பேசி முடித்த சூட்டோடு டைம்கீப்பர் மைக்கைப் பிடுங்கி மேற்படி சத்தியத்தைச் செய்தார். கருவிக்கு அது உறைத்திருக்க வேண்டும். பத்தொன்பது நாள் ஒழுங்காக வேலை செய்தது. இருபதாம் நாளிலிருந்து யார் ஊதினாலும் ஒரே எண்ணைக் காட்டியது. மேலாளர் ஊதினாலும் காட்டியது. அன்று மாலையே அதைப் பழுது பார்க்க அனுப்பிவிட்டார்கள். இன்றுவரை திரும்பி வரவில்லை.

டைம்கீப்பருக்கு முறையான பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியல் தயாரிப்பவருக்கு மட்டும் அது தெரியும். மற்றவர்களுக்கு அவர் மூக்கு. நேரில் பார்த்தால் மூக்கண்ணே.

அவருடைய அறை பணிமனை வாசலை ஒட்டியது. ஒரு கட்டிலைப் போட்டால் கதவு திறக்காது. ஒரு சுவர் முழுக்க ஆணிகள், மொத்தம் அறுபத்திரண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பேருந்தின் சாவி. எதிர்ச்சுவரில் கம்பி வலை அடித்த ஜன்னல், வலையின் நடுவே ஒரு கை நுழையும் ஓட்டை. ஓட்டை நெஞ்சு உயரத்தில் இருந்ததால் சாவி வேண்டுபவர் குனிந்தாக வேண்டும். குனிந்து, ஓட்டைக்கு நேராக வாயை வைத்து, “போயிட்டு வர்றேன்” என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். இது அரசாங்கம் போட்ட விதி இல்லை, மூக்கு வகுத்தது. குடித்தவன் வாயைத் திறக்காமல் நின்றால் மூச்சு உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும், ‘போ’ என்று சொல்ல வைத்தால் அது அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்தே தீரும் என்பது அவருடைய ஆராய்ச்சி முடிவு. மூன்று தடவை எதற்கு என்று கேட்டால், முதல் தடவை பற்பசைக்கு, இரண்டாவது மிட்டாய்க்கு, மூன்றாவதுதான் உண்மைக்கு என்பார்.

மூன்றாவது ‘வர்றேன்’ முடிந்ததும் பதிவேட்டைத் திறப்பார். அதில் ஐந்து கட்டங்கள்: பெயர், வண்டி எண், நேரம், வாசனை, கையெழுத்து. நான்காவது கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினால் சாவி வெளியே வரும். ‘உண்டு’ என்று எழுதினால், தண்ணீர்த் தொட்டி நிழலில் கிடக்கும் சிமெண்டு பெஞ்சுக்குப் போக வேண்டும். டிரைவர்கள் அதைச் சிம்மாசனம் என்று அழைத்தார்கள். தெளியும்வரை அரசாளலாம்.

சிம்மாசனத்தில் அதிக காலம் அரசாண்டவர் கிராம்பு. வாயில் எப்போதும் நாலு கிராம்பை அடக்கிக்கொண்டிருந்ததால் அந்தப் பெயர். ஒரு காலை அவர் குனிந்து மூன்று தடவை சொல்லி முடித்ததும் மூக்கு கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்பு வாசித்தார்.

“நேத்து பொழுது சாயறப்பவே ஆரம்பிச்சிருக்க. வீட்ல இல்ல, வெளியில. பக்கத்துல உட்கார்ந்தவன் சிகரெட்டு. நீ பிடிக்கல.”

“இவ்வளவு தெரிஞ்சவரு பேசாம நீங்களும் வந்திருக்கலாமேண்ணே. தனியா இருந்தா போரடிக்குது!”

“போய் உட்காருடா.”

இப்படி இருபத்து மூன்று வருடம். அந்த ஓட்டை வழியாக மூக்கு ஒரு நாட்டையே மோந்து பார்த்தார். சம்பள வாரத்தில் ஒரு வாசனை, மாதக் கடைசியில் வேறு வாசனை. பக்கத்து நூல் ஆலையை மூடியபோது அங்கே வேலை செய்த மனைவிமாரெல்லாம் வீட்டில் இருந்தார்கள், ஜன்னலுக்கு வந்த கணவன்மார் விடிகாலையிலேயே மணந்தார்கள். தேர்தல் காலத்தில் எல்லாக் கட்சிக்காரனும் ஒரே மாதிரி மணந்தான். நாட்டில் ஒற்றுமை நிலவிய நாட்கள் அவை. ஒரு வருடம் மதுவின் விலையை ஏற்றினார்கள். அந்த வாரம் ஜன்னலில் பெயிண்டு டப்பாவைத் திறந்ததுபோல ஒரு வாடை வந்தது. மூக்கு இரண்டு பேரைச் சிம்மாசனத்துக்கு அனுப்பினார். அவர்கள் அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், ஆஸ்பத்திரியிலிருந்து எங்கும் போகவில்லை. பணிமனை வாசலில் ‘போதையை ஒழிப்போம்’ என்று ஒரு பெரிய பலகை உண்டு. மதுக்கடைக்கு வரிசையில் நிற்பவர்கள் வெயிலுக்கு அதன் நிழலில்தான் ஒதுங்குவார்கள். கடையும் பலகையும் வைத்தவர் ஒருவரே. அவருக்கு நல்ல மனசு. நிழலில்லாமல் யாரையும் நிற்க வைக்கவில்லை.

இந்த மூக்கு எங்கே பயிற்சி பெற்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆறு வயதில், சொந்த வீட்டில். அப்பா வரும் சத்தம் கேட்டதும் அம்மா பையனை வாசலுக்கு அனுப்புவாள். அவன் போய் அப்பாவைக் கட்டிக்கொண்டு, மோந்து பார்த்து, திரும்பி வந்து தலையை ஆட்ட வேண்டும். மேலும் கீழும் ஆட்டினால், அம்மா தட்டு, டம்ளர் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டுக் கைக்குழந்தையான தங்கையைக் கட்டிலுக்கடியில் தள்ளுவாள். பக்கவாட்டில் ஆட்டினால் அன்று சாப்பாடு உண்டு. அந்தப் பையனின் கணிப்பு ஒரு நாளும் தவறியதில்லை. தவறினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும்.

ஆகவே தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கும் பொறுப்பு வந்தபோது அவர் தரகரிடம் போகவில்லை. ஜன்னலிலேயே உட்கார்ந்து தேடினார். முப்பத்தேழாம் எண் வண்டியின் டிரைவர், அமைதியானவர், குனிந்து மூன்று தடவை சொன்னால் வெறும் சோப்பு வாசனைதான் வரும். இரண்டு வருடம் விடாமல் மோந்து பார்த்தார். ஒரு நாள்கூட எதுவும் இல்லை. பணிமனையில் அவரைப் பச்சத்தண்ணி என்று கேலி செய்தார்கள். மூக்கு அந்தக் கேலியையே ஜாதகமாக எடுத்துக்கொண்டு கல்யாணத்தை முடித்தார். “எல்லாரும் மாப்பிள்ளையை விசாரிச்சு எடுப்பாங்க. நான் மோந்து எடுத்தேன்” என்று சொல்லிக்கொள்வதில் அவருக்குத் தனி இன்பம்.

பதினோரு வருடம் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கை வீட்டுக்கு வந்தாள். மூக்கின் மனைவி தையல் மெஷினில் பள்ளிக்கூடச் சீருடைகளுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். மூக்கு நாற்காலியில் சாய்ந்திருந்தார். தங்கை உட்காரவில்லை. ஜன்னல் பக்கம் போனாள், தண்ணீர்ப் பானைப் பக்கம் போனாள், திரும்பி வந்தாள்.

“அண்ணே, அவரைத் தினமும் மோந்து பார்க்கிறியே, என்ன வாசனை வருது?”

“ஒண்ணும் வராது. சோப்பு வாசனைதான். ஏன்?”

“ஒண்ணுமே வரலையா?”

“சத்தியமா வரலை. யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா? சொல்லு, நாக்கை இழுத்து வச்சு அறுக்கிறேன்.”

“இந்த வீட்ல எதையாச்சும் அறுக்கிற பேச்சுதான்” என்றாள் மனைவி, தலையைத் தூக்காமல். “போன மாசம் கேஸ் அடுப்பு கசிஞ்சப்ப இந்த மூக்கு எங்க போச்சுன்னு கேளு.”

“அது என் டிபார்ட்மென்ட் இல்ல.”

தங்கை சிரிக்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து மேசைமேல் கொட்டினாள். மாத்திரை அட்டைகள், எல்லாம் காலி, பத்துப் பதினைந்து இருக்கும். ஒவ்வொரு பள்ளமும் அமுக்கிக் கிழிக்கப்பட்டு வெள்ளித்தாள் விரிந்து கிடந்தது.

“சோபா மெத்தைக்குள்ள இருந்துச்சு. இது ரெண்டு வாரக் கணக்கு.”

“முதுகு வலிக்குன்னு டாக்டர் கொடுத்ததுதானே? எனக்குத் தெரியுமே. சீட்டு ஸ்பிரிங் போயிடுச்சுன்னு நான்தான் ரிப்பேருக்கு எழுதினேன்.”

“டாக்டர் பத்து நாளைக்குக் கொடுத்தாரு. அது ஆச்சு ரெண்டு வருஷம். இப்ப மருந்துக்கடைக்காரர் கொடுக்கிறாரு. வலிக்கு ஒண்ணு, தூங்க ஒண்ணு, தூக்கம் தெளிய இன்னொண்ணு. சாப்பிடும்போது கை தட்டுலயே நின்னுடுது அண்ணே. நேத்து அடுப்பைப் பத்த வச்சிட்டு அதையே பார்த்துட்டு நிக்கிறாரு, பாலு பொங்கி வழியுது. பொண்ணைப் பேர் சொல்லிக் கூப்பிட வர்றாரு, வாய் திறந்தபடியே இருக்கு, பேர் வரலை.”

“இதை ஏன் முன்னாடியே சொல்லலை?”

“யார்கிட்ட சொல்ல? பக்கத்து வீட்டுக்காரி ஒரு வருஷத்துக்கு முன்னாடியே கேட்டா, உன் புருஷன் ஏதோ போடுறாராமேன்னு. நான் சண்டைக்குப் போனேன். ‘எங்கண்ணன் தினமும் மோந்து பார்த்துதான் சாவி கொடுக்குது, நீ யாரு சொல்றதுக்கு’ன்னு. எனக்குச் சந்தேகம் வரும்போதெல்லாம் உன் மூக்கை நினைச்சுக்குவேன் அண்ணே. அப்படியே அடங்கிடும்.”

தையல் மெஷின் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை.

மூக்கு ஒரு அட்டையை எடுத்து மோந்தார். திருப்பி மோந்தார். சுண்ணாம்புக்கட்டி வாசனைகூட இல்லை. உலகத்தில் இவ்வளவு கெடுதலான ஒரு பொருள் இவ்வளவு சுத்தமாக இருக்க முடியும் என்பது அவருடைய இருபத்து மூன்று வருட சாஸ்திரத்துக்கு நேர் விரோதமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் ஒன்றரை மணிக்கு இரண்டாவது ஷிப்டு. பச்சத்தண்ணி வழக்கம்போல வந்தார், குனிந்தார், மூன்று தடவை சொன்னார். மூக்கு நாலாவது தடவையும் சொல்லச் சொன்னார். ஐந்தாவது தடவையும். சோப்பு. வெறும் சோப்பு. வரிசையில் நின்றவர்கள், “என்னண்ணே, மந்திரம் ஓதச் சொல்றீங்களா?” என்றார்கள். மூக்கின் பேனா பழக்கத்தில் ‘இல்லை’ என்று எழுதியது. கை பழக்கத்தில் ஆணிக்குப் போனது. வண்டி வாசலைத் தாண்டிய பிறகுதான் தான் சாவியைக் கொடுத்துவிட்டது அவருக்கு உறைத்தது. எழுந்து வாசல்வரை ஓடினார். முப்பத்தேழு திருப்பத்தில் மறைந்துகொண்டிருந்தது.

அன்றைக்கு அவர் நாற்காலியில் உட்காரவே இல்லை. அறையில் நடக்க நாலு அடிதான் இடம். அந்த நாலு அடியையே நடந்து தேய்த்தார். தொலைபேசி ஒலித்தபோதெல்லாம் முதல் மணியிலேயே பிடுங்கி எடுத்தார். ஒரு தடவை தவறான எண், இன்னொரு தடவை டயர்க்காரன். முப்பத்தேழு முழுசாகத் திரும்பி வந்து நின்றபோது, ஓடிப்போய் அதன் முன்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். வீட்டுக்குப் போயும் ஓயவில்லை. தலையணையை மோந்தார், தண்ணீரை மோந்தார், தன் சட்டையை மோந்தார்.

“என்னங்க தேடுறீங்க?” என்றாள் மனைவி.

“மூக்கு வேலை செய்யுதான்னு பார்க்கிறேன்.”

“அது வேலை செய்யும். வேலைதான் மாறிடுச்சு.”

செவ்வாயும் அப்படியே போயிற்று. புதன்கிழமை மேலாளரின் மேசையில் ஒரு விடுப்புக் கடிதம் இருந்தது. காரணம்: மூக்கடைப்பு. பணிமனையே ஸ்தம்பித்தது. கிராம்பு அன்று இரண்டு தடவை சாவி வாங்கிப் பார்த்தாராம், ஆசைக்கு.

மூக்கு மத்தியானம் ஊருக்கு வெளியே ஒரு நிறுத்தத்தில் போய் நின்றுகொண்டார், தலையில் ஒரு துண்டு. முப்பத்தேழு வந்தது. ஏறினார். டிரைவருக்கு இடப்பக்கம், முதல் சீட்டு, காலியாக இருந்தது. உட்கார்ந்தார்.

“அது பேச்சு சீட்டு” என்று பின்னாலிருந்து ஒரு அம்மா தோளைத் தட்டினாள். ஆஸ்பத்திரி ஆயாவின் நீலப் புடவை கட்டியிருந்தாள். “பேசத் தெரியுமா? தெரியலைன்னா எழுந்திருங்க. இன்னிக்கு என் முறை.”

“என்ன முறை?”

“ஊருக்குப் புதுசா? திங்கள் பள்ளிக்கூட வாத்தியார். செவ்வாய் காய்கறிக்காரம்மா. புதன், சனி நான். டிரைவர் தம்பிகிட்ட யாராச்சும் பேசிக்கிட்டே வரணும். நிறுத்தினா அவரும் நின்னுடுவாரு, வண்டி நிக்காது.”

மூக்கு பின்சீட்டுக்குப் போனார். அதன் பிறகு அவர் கண்டதைக் கண்டபடி இங்கே பதிவு செய்வது நம் கடமை. அந்த அம்மா, “தம்பி, இன்னிக்கு என்ன கிழமை?” என்று ஆரம்பித்து, அவர் ‘புதன்’ என்று சொன்ன பிறகு, “நாளைக்கு?” “நாளான்னிக்கு?” என்று வாரத்தை முடித்து, மாதங்களுக்குள் நுழைந்தாள். கண்டக்டர் நிறுத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நூறடிக்கு ஒரு தடவை மணி அடித்தார். வண்டி ஒரு கோட்டைப் பிடித்துப் போவதும், மெல்ல அதிலிருந்து நழுவுவதும், மணிச் சத்தத்தில் திடுக்கிட்டுத் திரும்பி வருவதுமாக இருந்தது. யாரும் பதறவில்லை. ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தூரத்தில் ஒரு குறுகிய பாலம் தெரிந்ததும் அவர் பேப்பரை மடித்தார். பேச்சு நின்றது. பிறகு கைக்குழந்தைக்காரி முதல் கிழவர் வரை மொத்த வண்டியும் ஒரே குரலில் கத்தியது:

“பாலம்! பாலம்! பாலம்!”

பச்சத்தண்ணியின் முதுகு நிமிர்ந்தது. இரண்டு கையும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தன. வண்டி பாலத்தைக் கடந்தது. பேப்பர்காரர் விட்ட இடத்திலிருந்து படிக்கத் தொடங்கினார்.

“இதை யாரும் புகார் பண்ணலையா?” மூக்கின் குரல் அவருக்கே கேட்கவில்லை.

“எழுதிப் போட்டோமே” என்றார் பேப்பர்காரர். “பதிலும் வந்துச்சு. ‘பணிமனையின் தினசரிப் பதிவேடு சரிபார்க்கப்பட்டது. வாசனை இல்லை.’ கூடவே ஒரு வரி, புகார் தொடர்ந்தா இந்தத் தடத்தையே ரத்து செய்ய யோசிக்க வேண்டியிருக்கும்னு. இருக்கிறதே இந்த ஒரு வண்டி. ஆஸ்பத்திரிக்கும் இதுதான், பள்ளிக்கூடத்துக்கும் இதுதான். கத்துறதுக்குத் தொண்டை இருக்கு. வேற வழி என்ன இருக்கு, சொல்லுங்க?”

கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கினார்கள். கண்டக்டர் டீ குடிக்கப் போனார். பச்சத்தண்ணி ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தார். மூக்கு துண்டை எடுத்துவிட்டுப் பேச்சு சீட்டில் உட்கார்ந்தார்.

“மாப்ள.”

அவர் தலையைத் தூக்கினார். அதிர்ச்சியடையக்கூட நேரம் பிடித்தது.

“மச்சான். நீங்க இன்னிக்கு லீவுன்னாங்களே.”

“எத்தனை மாப்ள?”

“என்னது எத்தனை?”

“மாத்திரை.”

பச்சத்தண்ணி வெளியே பார்த்தார். ஒரு நாய் வண்டியின் நிழலில் வந்து படுத்தது.

“எண்ணுறதை விட்டுட்டேன். நிறுத்திப் பார்த்தேன் மச்சான். ரெண்டு தடவை. உடம்பெல்லாம் எறும்பு ஊருது, வேர்த்துக் கொட்டுது. அப்படியே ஓட்ட முடியாது. போட்டாத்தான் ஓட்ட முடியுது.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“உங்ககிட்டயா?” அவர் சிரிக்கப் பார்த்தார். “தினமும் குனியறப்ப நினைப்பேன், இன்னிக்குக் கண்டுபிடிச்சிடுவாருன்னு. ‘உண்டு’ன்னு எழுதிட்டா நல்லாயிருக்கும்னுகூட நினைச்சிருக்கேன். நீங்க ‘இல்லை’ன்னு எழுதுவீங்க. சாவி கைக்கு வந்ததும், சரி, அப்ப நமக்கு ஒண்ணும் இல்ல போலன்னு எனக்கே தோணும். உங்க எழுத்தை நம்பித்தான் மச்சான் நான் ஓட்டுறேன்.”

நான்காவது கட்டத்தில் எழுதிய ஒற்றைச் சொல்லை நம்பித் தங்கை வாயை மூடினாள், பயணிகள் தொண்டை கிழியக் கத்தினார்கள், இதோ குற்றவாளியே அதை நம்பி நிம்மதியாக இருந்திருக்கிறார். நாட்டில் வேறு எந்த எழுத்துக்கும் இப்படிப்பட்ட வாசகர்கள் கிடைத்ததில்லை.

திரும்பும் வழியில் பேச்சு சீட்டைவிட்டு அவர் எழவில்லை. கிழமை கேட்டார், மாதம் கேட்டார், தங்கை மகள் பிறந்த அன்று பெய்த மழையைப் பற்றிப் பேசினார், பக்கத்து வீட்டுக் கோழியைப் பற்றிப் பேசினார், விஷயம் தீர்ந்தபோது கடைகளின் பெயர்ப்பலகைகளைச் சத்தமாகப் படித்தார். பாலம் வந்தபோது எல்லாரையும்விட உரக்கக் கத்தியது அவர்தான்.

இறங்கியதும் நேராக மேலாளர் அறைக்குப் போனார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மேலாளர் பொறுமையாகக் கேட்டார். அவருக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டிக்குள் ‘போதையற்ற பணிமனை’ கேடயங்கள் மூன்று. மூன்றும் மூக்கின் பதிவேட்டுக்குக் கிடைத்தவை.

“வாசனை இருக்கா?” என்றார் மேலாளர்.

“இல்ல சார். அதான் சார் பிரச்சினை.”

“வாசனை இல்லைன்னா பிரச்சினை இல்லைன்னுதானே நம்ம படிவம் சொல்லுது? எந்தக் கட்டத்துல எழுதி நிறுத்துவீங்க?”

“புதுசா ஒரு கட்டம் போடலாம்.”

“தலைமை அலுவலகத்துக்கு எழுதணும். வரும், நேரமாகும்.” மேலாளர் குரலைத் தாழ்த்தினார். “உங்க நல்லதுக்குச் சொல்றேன். நாளைக்கு நீங்க எழுதுறீங்கன்னு வைங்க. முதல்ல என்ன கேப்பாங்க? ரெண்டு வருஷமா தினமும் ‘இல்லை’ன்னு போட்டுக் கையெழுத்து வச்சது யாருன்னு கேப்பாங்க. பென்ஷனுக்கு நாலு வருஷம்தான் இருக்கு உங்களுக்கு. அவருக்கும் வேலை போகும். உங்க தங்கச்சி வீடு. யோசிங்க.”

மூக்கு யோசித்தார். வீட்டுக்குப் போகாமல் தங்கை வீட்டு வாசலில் போய் நின்று யோசித்தார். அவள் கதவைத் திறந்தாள். பேச்சு சீட்டு, பாலம், மேலாளர் சொன்னது எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார்.

“நிறுத்திட்டா வீடு ஆடும் பாப்பா.”

“ஆடட்டும் அண்ணே. தாங்கிப் பிடிச்சுக்கலாம். தினமும் ரெண்டு மணிக்கு மேல என்னால ஒரு இடத்துல உட்கார முடியலை. அந்தப் பாலத்து மேலயே நின்னுக்கிட்டிருக்கிற மாதிரி இருக்கு.”

வியாழக்கிழமை, மத்தியானம் ஒன்றரை. வரிசையில் ஐந்தாறு பேர். பச்சத்தண்ணி முன்னால், அவருக்குப் பின்னால் கிராம்பு, மாற்று டிரைவராக. ஜன்னலுக்கு உள்ளே மூக்கு நின்றுகொண்டிருந்தார். இனி நின்றுதான் பார்ப்பது என்று அவர் நாற்காலியை வெளியே தூக்கிப் போட்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

பச்சத்தண்ணி குனிந்தார். உள்ளே மூக்கும் குனிந்தார். இரண்டு பேர் கண்ணும் ஓட்டை வழியாகச் சந்தித்தன.

“போயிட்டு வர்றேன். போயிட்டு வர்றேன்.” கொஞ்சம் நிறுத்தி, “போயிட்டு வர்றேன் மச்சான்.”

சோப்பு.

மூக்கு பதிவேட்டில் நான்காவது கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினார். பிறகு பேனாவை எடுக்காமல், கட்டத்தைத் தாண்டி, ஓரத்து வெற்றிடத்தில் பொடி எழுத்தில் எழுதிக்கொண்டே போனார். அது முடியவே நேரமாயிற்று.

“என்னண்ணே, கதை எழுதுறீங்களா?” என்றார் கிராம்பு. “இருந்தா உண்டு, இல்லாட்டி இல்ல. நடுவுல என்ன இருக்கு?”

மூக்கு முப்பத்தேழாம் ஆணியிலிருந்து சாவியை எடுத்தார். எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “நீங்க சித்த தள்ளி நில்லுங்க மாப்ள” என்றார். பச்சத்தண்ணி தள்ளி நின்றார். தோள் இரண்டும் ஒரு அங்குலம் கீழே இறங்கியதுபோல இருந்தது.

“கிராம்பு, நீ வா.”

கிராம்பு குனிந்து மூன்று தடவை சொன்னார்.

“அண்ணே, சத்தியமா இன்னிக்கு வெறும் கிராம்புதான்.”

“அது தெரியுது. கையை நீட்டு.”

“எதுக்கு?”

“நீட்டுடா. ரெண்டையும். விரலை விரி. கண்ணைப் பார்க்கணும், கிட்ட வா. இன்னிக்கு என்ன கிழமை?”

“வியாழன்.”

“உன் பெரிய பொண்ணு எத்தனாவது படிக்குது?”

“ஒன்பதாவது. அண்ணே, என்ன ஆச்சு உங்களுக்கு? மோந்தா போதாதா?”

“போதாது” என்றார் மூக்கு. சட்டைப்பையிலிருந்த சாவி ஓட்டை வழியாக வெளியே வந்தது.

ஆவலை அடக்க முடியாத கிராம்பு ஜன்னலுக்குள் எட்டிப் பதிவேட்டைப் பார்த்தார். அவருக்கு வேகமாகப் படிக்க வராது. அதனால் உதட்டை அசைத்துப் படித்தார். ‘வாசனை இல்லை. சாவி தரவில்லை. மாத்திரை. இரண்டு வருடமாக நான் கண்டுபிடிக்கவில்லை.’ கீழே கையெழுத்து, சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கும் அந்த முழுப் பெயரோடு. கிராம்பு ஏதோ கேலி சொல்ல வாயெடுத்தார். பிறகு வாயிலிருந்த கிராம்பைத் துப்பிவிட்டு வண்டிக்குப் போனார்.

மேலாளர் அறைக் கதவு திறந்தது. மேலாளர் வெளியே வந்து, பதிவேட்டை வாங்கிப் படித்து, முகம் சிவந்து, மறுபடி உள்ளே போய்த் தொலைபேசியை எடுத்தார். விசாரணை என்ற சொல் இரண்டு தடவை கேட்டது. மூக்கு அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அறையைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

முப்பத்தேழு வாசலைத் தாண்டிப் போயிற்று. கண்டக்டர் ஒரு மணி அடித்தார், அடுத்த நிறுத்தம் வரை இன்னொன்று அடிக்கவில்லை.

பச்சத்தண்ணி சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தார். பதிமூன்று வருடத்தில் முதல் தடவை. வேர்த்திருந்தது, முழங்கால் இரண்டும் தாமாக ஆடிக்கொண்டிருந்தன. மூக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவராலும் கொஞ்ச நேரம் சும்மா இருக்க முடியவில்லை. செருப்பால் மண்ணைக் கிளறினார். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார்.

“உங்க தங்கச்சிக்குச் சொல்லிட்டேன். வந்துட்டிருக்கா. மூணு பேருமா ஆஸ்பத்திரிக்குப் போறோம்” என்றார், பதற்றத்தில் யாருக்கு யார் தங்கை என்பதையே மாற்றிச் சொல்லிவிட்டு.

பச்சத்தண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இன்னிக்கு வாசனை வந்துச்சா மச்சான்?”

“இல்ல மாப்ள. ஒரு நாளும் வந்ததில்ல.”